பிளானிங் கமிட்டியில் உங்கள் விண்ணப்பம்: இங்கிலாந்து கவுன்சில்கள் எப்படி முடிவெடுக்கின்றன?

பக்கத்து வீட்டின் பின்புறம் இரண்டு மாடி எழும்பப் போகிறது, கருத்து இருந்தால் 21 நாளுக்குள் எழுதுங்கள் என்று கவுன்சிலிலிருந்து கடிதம் வருகிறது. அல்லது விண்ணப்பம் போட்டவரே நீங்கள்தான். 8 வாரத்தில் பதில் வரும் என்று காத்திருக்கும்போது, "உங்கள் விண்ணப்பம் பிளானிங் கமிட்டிக்குப் போகிறது" என்று அதிகாரி மின்னஞ்சல் அனுப்புகிறார். இந்த இருவருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கட்டட அனுமதியை முடிவுசெய்யும் அந்தக் கமிட்டியில் உட்காரும் கவுன்சிலர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள், எதைக் கணக்கில் எடுக்க அவர்களுக்கு அனுமதியே இல்லை. அது தெரியாமல் போய், கூட்டத்தில் பேசக் கிடைத்த 3 நிமிடத்தையும் வீணாக்கிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் சட்டம் வேறு.

கமிட்டிக்கு வருவது எது?

பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைக் கமிட்டி பார்ப்பதே இல்லை. கவுன்சில் கொடுத்த அதிகாரத்தின்படி அதிகாரிகளே கையெழுத்திட்டு முடித்துவிடுகிறார்கள். இதை 'டெலிகேட்டட்' முடிவு என்பார்கள். எது அதிகாரியிடம் முடியும், எது கமிட்டிக்கு ஏறும் என்பது ஒவ்வொரு கவுன்சிலின் விதித்தொகுப்பிலும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பகுதியின் பெயர் 'ஸ்கீம் ஆஃப் டெலிகேஷன்'. கவுன்சில் இணையதளத்தில் அதன் புதிய பதிப்பைத் தேடி எடுத்து முதலில் படியுங்கள்.

கமிட்டிக்கு ஏற்றும் காரணங்கள் ஏறக்குறைய எங்கும் ஒரே மாதிரிதான். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் எதிர்ப்புக் கடிதங்கள் வந்திருக்கலாம் (அந்த எண் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும்). 10 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள், 1,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டடம் போன்ற 'மேஜர்' திட்டமாக இருக்கலாம். விண்ணப்பதாரர் கவுன்சிலராகவோ கவுன்சில் ஊழியராகவோ இருக்கலாம். அல்லது வார்டு கவுன்சிலர் 'கால்-இன்' செய்திருக்கலாம், அதாவது இதைக் கமிட்டி பார்க்கட்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கலாம். கால்-இன் செய்வதற்குப் பல இடங்களில் கெடு உண்டு, பிளானிங் காரணமும் காட்ட வேண்டும். ஆகவே கவுன்சிலரிடம் போவதென்றால் கடிதம் வந்த முதல் வாரத்திலேயே போய்விடுங்கள்.

கால்-இன் கேட்பதற்கு முன் விண்ணப்பத்தைக் கையாளும் அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கேளுங்கள். அவர் ஏற்கெனவே மறுக்கும் எண்ணத்தில் இருந்தால் கால்-இன் எதிர்ப்பாளருக்கே பாதகம். முடிந்துபோகும் விஷயத்தை வலிய எடுத்து, விண்ணப்பதாரருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும். கோபத்தில் பலர் செய்யும் தவறு இது.

எது கணக்கில் வரும், எது வராது

2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38(6) பிரிவு சொல்வதுதான் அடிப்படை: வேறு பிளானிங் காரணங்கள் எதிர்த்திசையைக் காட்டினாலொழிய, முடிவு வளர்ச்சித் திட்டத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வளர்ச்சித் திட்டம் என்பது உங்கள் கவுன்சிலின் லோக்கல் பிளான். லண்டனில் அதோடு லண்டன் பிளானும் சேரும், சில பகுதிகளில் அந்தச் சிறு வட்டாரத்துக்கென்றே எழுதிய நெய்பர்ஹுட் பிளானும் இருக்கும். நாடு முழுமைக்குமான என்.பி.பி.எஃப். கொள்கை ஆவணம் இதற்குள் வராது. ஆனால் எந்தக் கமிட்டியும் அதை ஒதுக்கிவிட முடியாது.

சொத்தின் விலை குறையும் என்பது கணக்கில் வராது. ஜன்னலிலிருந்து தெரிந்த அழகான காட்சி மறையும் என்பதும் வராது. எல்லைச் சுவர் யாருடையது, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, விண்ணப்பதாரர் எப்படிப்பட்டவர், புதிதாக வரும் கடையால் பழைய கடைக்கு வியாபாரம் போகும், கட்டும்போது தூசி பறக்கும்... இவை ஒன்றும் வராது. எல்லைத் தகராறு சிவில் வழக்கு, பொதுச் சுவர் பற்றிய பார்ட்டி வால் சட்டம் தனி வழி. கமிட்டி அங்கே கை வைக்காது.

வெளிச்சம் குறைவது, அறைக்குள் பார்வை விழுவது, கட்டடத்தின் பருமன், தெருவின் தோற்றத்தோடு ஒத்துப்போகாமை, சத்தம், சாலைப் பாதுகாப்பு, மரங்கள், வெள்ளம், பாரம்பரியக் கட்டடங்கள் ஆகியவை கணக்கில் வரும். இங்கேயும் அளவு முக்கியம். போக்குவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "தெருவில் கார் அதிகமாகும்" என்று சொன்னால் போதாது. சாலைப் பாதுகாப்புக்கு ஏற்க முடியாத பாதிப்போ, சாலை வலையமைப்பில் 'கடுமையான' ஒட்டுமொத்தப் பாதிப்போ இருந்தால்தான் அந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்கிறது என்.பி.பி.எஃப். இரவு பத்து மணிக்கு எடுத்த, இரட்டை வரிசையாகக் கார்கள் நிற்கும் படம் ஒன்று, தேதி நேரத்தோடு, நூறு கையெழுத்துள்ள மனுவைவிட வலுவானது. ஒரே வாசகத்தில் வந்த ஐம்பது கடிதங்கள் கமிட்டிக்கு ஏற்ற உதவலாம், மறுப்பு வாங்கித் தரா.

கடிதத்தில் எழுதுவது பெயர், முகவரியோடு இணையத்தில் ஏறும். விண்ணப்பதாரரின் சாதி, ஊர், குடும்பம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அப்படிப்பட்ட கடிதங்களைக் கவுன்சில் நீக்கிவிடும்.

அறிக்கையை எப்படிப் படிப்பது

முடிவின் பெரும்பகுதி கூட்டத்துக்கு முன்பே காகிதத்தில் உருவாகிவிடுகிறது. அதிகாரி எழுதும் அறிக்கைதான் அந்தக் காகிதம். கூட்டத்துக்கு முன் முழுதாக 5 வேலை நாள் இருக்கும்படி அஜெண்டா வெளியாக வேண்டும். வெளியாகும் நாளும் கூட்ட நாளும் கணக்கில் சேராது. ஆகவே கூட்டம் புதன்கிழமை என்றால் முந்தைய வாரம் செவ்வாய்க்கிழமைக்குள் அறிக்கை இணையதளத்தில் இருக்கும். அன்றே இறக்கிப் படியுங்கள்.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் களைத்துவிடும். பரிந்துரை அனுமதியா மறுப்பா என்று முதலில் பாருங்கள். அடுத்து, கடைசிப் பக்கங்களில் உள்ள நிபந்தனைகள். பிறகுதான் 'அசெஸ்மென்ட்' என்ற நடுப்பகுதி. அதில் ஒவ்வொரு பத்திக்கும் எண் இருக்கும். உங்கள் வீட்டைப் பற்றிப் பேசும் பத்திகளைக் கோடிட்டு, அங்கே சொன்ன ஒவ்வொரு அளவையும் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

பிழை பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் இருக்கும். உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே போட்ட எக்ஸ்டென்ஷன் பழைய வரைபடத்தில் இல்லாததால் இடைவெளி அதிகமாகத் தெரியும். சாப்பாட்டறை ஜன்னல் பாத்ரூம் ஜன்னல் என்று எழுதப்பட்டிருக்கும். அல்லது தரைமட்ட வித்தியாசம் விட்டுப்போயிருக்கும். சரிவான தெருவில் பக்கத்து மனை ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், 3 மீட்டர் சுவர் உங்கள் பக்கத்திலிருந்து 4 மீட்டராகத் தெரியும்.

பிழை கண்டால் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், கமிட்டியை நடத்தும் 'டெமாக்ரடிக் சர்வீசஸ்' பிரிவுக்கும் நகல் போடுங்கள். திருத்தம் 'அடெண்டம்' என்ற இணைப்புத் தாளில் ஏறும். அந்தத் தாள் பெரும்பாலும் கூட்ட நாளன்றுதான் வெளியாகும். கடைசி நேரத்தில் நிபந்தனையும் பரிந்துரையும்கூட அதில் மாறலாம். அதைப் பார்க்காமல் அறைக்குள் போகாதீர்கள்.

கவுன்சிலர்களிடம் பேசலாமா?

பேசலாம். கமிட்டி உறுப்பினர் எல்லோருக்கும் ஒரு பக்கக் கடிதமும் இரண்டு படமும் அனுப்புவதில் தவறே இல்லை. "கவலைப்படாதீர்கள், நான் உங்கள் பக்கம்" என்ற பதிலை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கருத்துப் பக்கம் சாய்ந்திருப்பதில் குற்றமில்லை என்று 2011 லோக்கலிசம் சட்டத்தின் 25ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் வாதங்களைக் கேட்பதற்கு முன்பே மனத்தை மூடிக்கொண்டவர் வாக்களித்தால் முடிவே நீதிமன்றத்தில் உடையலாம். அதனால்தான் நல்ல கவுன்சிலர் "படித்தேன், கூட்டத்தில் எல்லாம் கேட்டு முடிவெடுப்பேன்" என்று மட்டும் பதில் எழுதுகிறார். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வார்டு கவுன்சிலரே கமிட்டியிலும் இருந்தால், அவர் உங்களுக்காகப் பேசுவதா, வாக்களிப்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். வெளிப்படையாக எதிர்த்துப் பிரசாரம் செய்தவர் பொதுவாக வாக்கை விட்டுவிட்டு வார்டு உறுப்பினராகப் பேசிவிட்டு வெளியேறுவார். சொந்தப் பண நலன் உள்ளவருக்கு விவாதத்திலோ வாக்கெடுப்பிலோ கலந்துகொள்ள சட்டப்படி இடமில்லை. கட்சிக் கொறடா உத்தரவுக்கும் இங்கே இடமில்லை.

கூட்டத்தன்று

மேசையில் தலைவர், கவுன்சிலர்கள், பிளானிங் அதிகாரிகள், சட்ட ஆலோசகர், குறிப்பெடுக்கும் கிளார்க் இருப்பார்கள். நலன் அறிவிப்புகள், அதாவது விண்ணப்பத்தில் தங்களுக்குள்ள சொந்தத் தொடர்பை உறுப்பினர்கள் சொல்வது, முதலில் நடக்கும். பிறகு விண்ணப்பம் விண்ணப்பமாக எடுப்பார்கள். பொதுமக்கள் வந்திருக்கும் விண்ணப்பத்தைத் தலைவர் முன்னால் இழுக்கலாம், ஆகவே ஆறாவது விஷயம்தானே என்று தாமதமாகப் போகாதீர்கள். அதிகாரி படங்களோடு விளக்குவார், எதிர்ப்பாளர் பேசுவார், விண்ணப்பதாரர் அல்லது அவருடைய ஏஜென்ட் பேசுவார், வார்டு கவுன்சிலர் பேசுவார். அதற்குப் பிறகு உறுப்பினர்களின் கேள்வி, விவாதம், வாக்கு. விவாதம் தொடங்கியபின் நீங்கள் வாய் திறக்க முடியாது. கூட்டத்தைப் பதிவு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு.

பேச முன்பதிவு வேண்டும். பல கவுன்சில்களில் கெடு முந்தைய நாள் மதியம், சிலவற்றில் அதற்கும் முன்பே. நேரம் பெரும்பாலும் 3 நிமிடம். எதிர்ப்பாளர் பத்துப் பேர் இருந்தாலும் அந்த 3 நிமிடத்தைத்தான் பங்கிட வேண்டியிருக்கும், ஆகவே நன்றாகப் பேசும் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கம் என்றால் மகளோ நண்பரோ உங்கள் சார்பில் பேசலாமா என்று பதியும்போதே கேட்டுவிடுங்கள். 3 நிமிடம் என்பது ஆங்கிலத்தில் 380 சொல்லுக்கு மேல் போகாது. வீட்டில் சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள்.

ஒரு பேச்சின் எலும்புக்கூட்டை இங்கே காட்டலாம். பக்கத்து வீட்டுக்காரர் எல்லைச் சுவரோடு ஒட்டி 4 மீட்டர் நீளத்தில் இரண்டு மாடி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"அறிக்கையின் 6.14ஆம் பத்தி எங்கள் பின் ஜன்னலைப் பாத்ரூம் ஜன்னல் என்கிறது. அது சாப்பாட்டறை ஜன்னல், அந்த அறைக்கு வேறு ஜன்னல் இல்லை. ஜன்னலின் நடுவிலிருந்து எல்லை 1.2 மீட்டர். அங்கிருந்து 45 டிகிரிக் கோடு போட்டால் 4 மீட்டர் சுவர் அதைத் தாண்டி 2.8 மீட்டர் நீள்கிறது. உங்கள் வடிவமைப்பு வழிகாட்டி இதைத்தான் கூடாது என்கிறது. வெளிச்சம் பற்றிய கொள்கையின்படி மறுக்கக் கேட்கிறோம். மறுக்க முடியாதென்றால், மேல்மாடியின் நீளத்தைக் குறைத்து வரும்படி ஒத்திவையுங்கள். அதுவும் இல்லையென்றால், பக்க ஜன்னல்களுக்கு மங்கல் கண்ணாடி நிபந்தனை வேண்டும்."

பத்தி எண், அளவு, கொள்கை, மூன்று படியாக ஒரு கோரிக்கை. அவ்வளவுதான். கடைசிக் கோரிக்கையைப் பலர் சொல்வதில்லை, தோற்றதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அனுமதி நிச்சயம் என்ற நிலையில் ஒரு நல்ல நிபந்தனைதான் அடுத்த முப்பது வருடம் உங்கள் அறையின் அந்தரங்கத்தைக் காக்கும்.

விண்ணப்பதாரர் திட்டத்தின் பெருமையைப் பேசி நேரத்தைக் கழிக்கக் கூடாது. அறிக்கையில் பட்டியலிட்ட எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நம் சமூகத்தில் அடிக்கடி கமிட்டிக்குப் போவது கோயில், மண்டபம் சம்பந்தமான விண்ணப்பங்கள். தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கைக் கோயிலாக்கக் கேட்டால் அது வழிபாட்டிடங்கள் அடங்கும் எஃப்1 பயன்பாட்டு வகுப்புக்கு மாறுவது. வேலை தரும் இடம் போகிறதே, பார்க்கிங் என்ன, சத்தம் என்ன என்று மூன்று கேள்வி நிச்சயம் வரும். சாதாரண நாள் பூஜைக்கு 30 பேர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், "திருவிழாவுக்கு எத்தனை பேர்?" என்று ஒரு உறுப்பினர் கேட்ட நொடியில் விண்ணப்பம் ஆட்டம் காணும். சத்த அளவீடு மணிச் சத்தத்தோடு நிற்காமல் நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும் நாளுக்கும் செய்திருக்க வேண்டும். ஆண்டில் எத்தனை பெரிய நாட்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எந்த மணி வரை, கார்கள் எங்கே, வாசலில் தொண்டர்கள் எத்தனை பேர் என்பதை ஒரே அட்டவணையாக முன்பே கொடுங்கள். தயங்கும் கமிட்டி ஓராண்டுத் தற்காலிக அனுமதி கொடுத்துப் பார்க்கலாம். கட்டமைப்புக்குப் பெரும் பணம் போடுவதற்கு முன் அதற்கும் தயாராக இருங்கள்.

வாக்கெடுப்பு

ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, கை தூக்கி வாக்கு. சாதாரணப் பெரும்பான்மை போதும். சமநிலை என்றால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு. அறையில் நேரில் இருப்பவர் மட்டுமே வாக்களிக்கலாம், இணையவழி வாக்கு 2021 மே 7இல் முடிந்துபோனது.

அனுமதி கொடுக்கும் தீர்மானம் தோற்றால் விண்ணப்பம் மறுக்கப்பட்டதாகப் பலர் கைதட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. மறுப்பதற்குத் தனித் தீர்மானம் வேண்டும், அதற்குக் காரணம் வேண்டும். அதிகாரி அனுமதி கொடுக்கப் பரிந்துரைக்க, உறுப்பினர்கள் மறுக்க நினைக்கும் அந்த இடைவெளியில்தான் கமிட்டிகள் தடுமாறுகின்றன. "ரொம்பப் பெரிசு, தெருவுக்குப் பொருந்தாது" என்பது காரணமாகாது. "முன்மொழியப்பட்ட மேல்மாடி, அதன் 4 மீட்டர் நீளத்தாலும் எல்லைக்கு அருகில் இருப்பதாலும், பக்கத்து வீட்டுச் சாப்பாட்டறைக்கு வரும் வெளிச்சத்தை ஏற்க முடியாத அளவு குறைக்கும், ஆகவே இந்தக் கொள்கைக்கு முரணானது" என்பது காரணம். எது, யாருக்கு, என்ன கேடு, எந்தக் கொள்கை என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இதை மனத்தில் வைத்துத்தான் மேலே சொன்ன 3 நிமிடப் பேச்சை எழுதச் சொன்னோம். உறுப்பினர் உங்கள் வாக்கியத்தையே எடுத்துத் தீர்மானமாக்கும்படி அது இருக்க வேண்டும். ஆதாரமில்லாத காரணத்தோடு மறுத்தால், அப்பீலில் கவுன்சில் எதிர்த்தரப்பின் செலவையும் கட்ட வேண்டிவரலாம். சட்ட ஆலோசகர் குறுக்கிட்டு எச்சரிப்பது இதனால்தான்.

மறுபக்கமும் இதே கண்டிப்பு உண்டு. அதிகாரி சொன்னபடி வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்காமலேயே ஒரு பெரிய திட்டத்துக்கு டோவர் கவுன்சிலின் கமிட்டி போதிய காரணம் சொல்லாமல் அனுமதி கொடுத்ததால், அந்த அனுமதி செல்லாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வரைபடத்தைக் கமிட்டி அந்த இரவில் மாற்றி வரைய முடியாது. மாற்றம் வேண்டுமென்றாலும், இடத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றாலும் ஒத்திவைக்கும். ஆனால் 8 வாரம் (மேஜர் என்றால் 13 வாரம்) என்ற கெடுவோ, இருதரப்பும் ஒப்புக்கொண்ட நீட்டிப்போ தாண்டிவிட்டால், முடிவெடுக்கவில்லை என்று சொல்லியே விண்ணப்பதாரர் அப்பீல் போகலாம். அப்போது விஷயம் கமிட்டியின் கையைவிட்டுப் போய்விடும்.

நிபந்தனைகள் தேவையானதாக, பிளானிங்கோடும் அந்தத் திட்டத்தோடும் தொடர்புள்ளதாக, அமல்படுத்தக்கூடியதாக, துல்லியமானதாக, நியாயமானதாக இருக்க வேண்டும். "பக்க ஜன்னல்களுக்கு அந்தரங்கம் பேணப்பட வேண்டும்" என்று எழுதினால் பயனில்லை. "முதல் மாடிப் பக்க ஜன்னலில் மங்கல் கண்ணாடி இருக்க வேண்டும், அறைத் தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே உள்ள பகுதி திறக்க முடியாததாக இருக்க வேண்டும், குடிபுகும் முன் பொருத்தி நிரந்தரமாக அப்படியே வைத்திருக்க வேண்டும்" என்று இருந்தால் அமலாக்க அதிகாரி வந்து அளந்து பார்க்க முடியும்.

முடிவுக்குப் பிறகு

கமிட்டியில் கை உயர்ந்ததும் அனுமதி கிடைத்துவிடாது. முடிவுக் கடிதம் வெளியாகும் தேதிதான் கணக்கு. செக்‌ஷன் 106 ஒப்பந்தத்துக்கு (விண்ணப்பதாரர் சில கடமைகளை ஏற்றுக் கவுன்சிலோடு செய்வது) உட்பட்டு என்று தீர்மானித்திருந்தால், அது கையெழுத்தாகும்வரை கடிதம் வராது, மாதக்கணக்கும் ஆகலாம்.

மறுக்கப்பட்ட வீட்டு உரிமையாளரின் எக்ஸ்டென்ஷன் விண்ணப்பத்துக்கு அப்பீல் கெடு 12 வாரம், பெரும்பாலான மற்ற விண்ணப்பங்களுக்கு 6 மாதம். திருத்தி மறுபடி போடுவதற்கு இருந்த கட்டணச் சலுகை 2023 டிசம்பர் 6 முதல் இல்லை. வீட்டு அப்பீலில் பக்கத்து வீட்டார் புதிதாக எதுவும் எழுத முடியாது, முதலில் எழுதிய கடிதமே அப்பீலை முடிவுசெய்யும் ஆய்வாளருக்குப் போகும். ஆகவே முதல் கடிதத்திலேயே எல்லா அளவும் படமும் இருக்கட்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால் எதிர்ப்பாளருக்கு அப்பீல் உரிமை கிடையாது. நீதிமன்ற மறுஆய்வு மட்டும் உண்டு, 6 வாரத்துக்குள் போக வேண்டும். முடிவு நல்லதா என்பதை நீதிமன்றம் பார்க்காது, சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதை மட்டும் பார்க்கும். செலவும் பெரிது. நடைமுறைத் தவறுகளை, கவுன்சில்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் கொண்டுபோகலாம், ஆனால் அவரால் அனுமதியை ரத்து செய்ய முடியாது.

அனுமதி பெற்றவர் பொதுவாக 3 ஆண்டுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். "வேலை தொடங்கும் முன்" என்று ஆரம்பிக்கும் நிபந்தனைகளைத் தனியாகக் கோடிட்டு, அவற்றுக்கான விவரங்களைக் கவுன்சிலிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே மண்ணைத் தோண்ட வேண்டும். இல்லையென்றால் தொடங்கிய வேலையே அனுமதியற்றதாகிவிடும் ஆபத்து உண்டு. ஒப்புதலுக்கு 8 வாரம் வரை ஆகும் என்று வைத்துக்கொண்டு பில்டரிடம் தேதி பேசுங்கள், நிபந்தனைப் பக்கத்தின் நகலை அவர் கையில் முதல் நாளே கொடுங்கள்.